புரட்சிகளும் சீர்திருத்தங்களும் சாதாரண ஜனங்களின் வாழ்க்கையை உண்மையில் மாற்றினவா, அல்லது தேர்வுக்கான பாடம் மட்டும்தானா?

கேள்விக்குக் கீழே கேட்டவர் கொஞ்சம் விளக்கமும் எழுதியிருக்கிறார். பிரெஞ்சுப் புரட்சி, ஜெர்மனியில் பிஸ்மார்க், துருக்கியில் அதாதுர்க் என்று மனப்பாடம் செய்கிறோம், ராஜா போனார் மந்திரி வந்தார், கீழே இருக்கிறவனுக்கு என்ன மாறியது, நாடுகள் இதனால் உருவாயின என்பது புத்தகக்காரர்கள் கட்டிவிட்ட கதைதானே என்கிறார்.

தம்பி (தங்கையாக இருந்தால் மன்னிக்கவும்), உங்கள் சலிப்பைப் பார்த்தால் குரூப் டூவுக்குப் படிக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. கோட்டூர்புரம் நூலகத்தில் காலையிலேயே டிபன் பாக்ஸோடு போய் இடம் பிடித்து, வருஷத்தையும் பெயரையும் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் தெருவிலேயே அப்படி நாலு பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பாடத்தை அப்படி நடத்தியவர்களில் நானும் ஒருத்தி. பெரம்பூர் பக்கம் ஒரு பள்ளியில் 27 வருஷம் சமூக அறிவியல் எடுத்தேன். 1789 ஜூலை 14, பாஸ்டில் கோட்டை, அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள், அடுத்து. அந்தப் பாடத்துக்குள் எங்கள் அம்மா இருந்தது எனக்கு ஓய்வுபெற்ற பிறகுதான் தெரிந்தது.

மாறியதா என்றால், மாறியது. எங்கே மாறியது என்று கேட்டால் பதிவேட்டில் என்பேன். யார் பிறந்தார், யார் யாரைக் கட்டிக்கொண்டார், யார் செத்தார் என்று எழுதுகிற பேனா யார் கையில் இருக்கிறது என்பதுதான் எனக்கு வரலாறு. இது வறட்டு விஷயமாகத் தெரியும். எங்கள் வீட்டுக் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்பா அம்மா கல்யாணம் 1960இல், ஓட்டேரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நடந்தது. ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு வரை ராகுகாலம். தெரிந்தேதான் வைத்தார்கள். தெருவை அடைத்துக் கீற்றுப் பந்தல், ஒரு மைக் செட், வாடகை நாற்காலி. ஐயர் இல்லை, ஓமம் இல்லை, தாலியும் இல்லை. தலைமை தாங்கியவர் முக்கால் மணி நேரம் பேசினாராம். அதுவரை இரண்டு பேரும் மாலையைக் கையில் பிடித்தபடி நின்றார்களாம். "கை வலிச்சுதே தவிர அவர் இன்னா பேசினாருன்னே நெனப்பு இல்ல" என்று அம்மா இப்போதும் சொல்வார். பிறகு ஆளுக்கு ஒரு வாக்கியம் உறுதிமொழி, மாலை மாற்றல், வந்தவர்களுக்கு எலுமிச்சை சாதம், ஒரு லட்டு, கோலி சோடா. தீர்ந்தது. அழைப்பிதழ் என்னிடம் இருக்கிறது. 'வாழ்க்கைத் துணை ஒப்பந்த விழா' என்று போட்டிருக்கும்.

அப்பா பெரிய கட்சிக்காரர் ஒன்றும் இல்லை. தொழிற்சாலையில் டர்னர். கூட வேலை செய்தவர் சாப்பாட்டு நேரத்தில் 'விடுதலை' பத்திரிகையைச் சத்தமாகப் படிப்பாராம், அதைக் கேட்டே இவருக்குப் பிடித்துப்போனது. அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் 1928இல் பெரியார் முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்தி வைத்தார். அப்பா கல்யாணத்துக்குள் 32 வருஷம் ஓடிவிட்டது. ஆயிரக்கணக்கில் நடந்துவிட்டன. ஆகவே சட்டம் என்ன சொல்லும் என்று யாருக்கும் யோசனையே வரவில்லை.

சட்டம் என்ன சொன்னது தெரியுமா? 1953இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி நடந்த திருமணம் செல்லாது என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. சடங்கும் இல்லை, காலங்காலமாக வந்த வழக்கமும் இல்லை, அப்புறம் எப்படி இந்துத் திருமணம் ஆகும் என்பது வாதம். 1955இல் வந்த இந்துத் திருமணச் சட்டமும் இரு தரப்பில் ஒருவருடைய வழக்கப்படியான சடங்குகளோடு நடக்க வேண்டும் என்றுதான் சொன்னது. தெருவை அடைத்துப் பந்தல் போட்டு முன்னூறு பேர் பார்க்க நடந்த கல்யாணம், சர்க்கார் கணக்கில் நடக்கவே இல்லை. நான் 1962இல் பிறந்தேன். நான் என்ன ஆகிறேன் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

அப்பா உயிரோடு இருந்தவரை இதெல்லாம் யாருக்கும் தேவைப்படவில்லை. 1965இல் மஞ்சள்காமாலையில் மூன்று வாரத்தில் போய்விட்டார். வேலை செய்த இடத்துக்கு (பெயர் வேண்டாம், அங்கே இருந்தவர்கள் யாரும் இன்று இல்லை) அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனபோது, "எந்தக் கோயில்ல கல்யாணம், ரசீது இருக்கா?" என்று கேட்டார்களாம். அம்மா அழைப்பிதழை நீட்டினார். அது நோட்டீஸ் மாதிரி இருக்கே என்றார்களாம். அப்பாவுக்குச் சேர வேண்டிய பணம் தாத்தா பெயரில் வந்தது. அவர் நல்ல மனுஷன், எண்ணிக் கொடுத்துவிட்டார். அடுத்த வருஷம் தாத்தாவும் போய்விட்டார். அப்போதுதான் சித்தப்பா ஆரம்பித்தார்.

அயனாவரத்தில் ஒரு ஓட்டு வீடு. நாலு குடித்தனம், நடுவில் கிணறு. தாத்தா சம்பாதித்தது, உயில் எழுதவில்லை. செத்த மகனின் விதவைக்கும் பிள்ளைக்கும் பங்கு உண்டு, 1956 வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் விதவை என்றால் முதலில் மனைவியாக இருந்திருக்க வேண்டுமே! சித்தப்பாவின் வக்கீல் அனுப்பிய நோட்டீஸை அம்மா இன்னும் வைத்திருக்கிறார். இங்கிலீஷில் இருக்கும். தமிழில் சொன்னால், 'காலஞ்சென்றவருடன் சேர்ந்து வாழ்ந்ததாகக் கூறிக்கொள்ளும் பெண்மணி'. நான் அதில் 'மேற்படிப் பெண்மணியின் மைனர் குழந்தை'. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தெருக்கோடி கம்பவுண்டர் படித்துச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லையாம்.

இதே சித்தப்பாதான் அந்தக் கல்யாணப் பந்தலில் லட்டு விளம்பியவர். போட்டோவில் ஓரத்தில் நிற்கிறார், கையில் தாம்பாளத்தோடு.

1967 தேர்தல் வந்தது. அண்ணா முதலமைச்சர் ஆனார். அந்த வருஷக் கடைசியிலேயே இந்துத் திருமணச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டுக்கென்று ஒரு திருத்தம், பிரிவு 7-ஏ, சட்டமன்றத்தில் நிறைவேறி 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் முன்னால் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாகத் தெரிந்த மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம். அல்லது தாலி கட்டலாம். அந்த 'அல்லது' முதலில் 'மற்றும்' என்று இருந்ததாகவும், வரைவைப் பார்த்த பெரியார் மாற்றச் சொன்னதாகவும் மேடைகளில் ஒரு கதை சொல்வார்கள். கதையோ நிஜமோ, அந்த ஒரு சொல் 'மற்றும்' என்றே நின்றிருந்தால் தாலி கட்டாத எங்கள் அம்மா மறுபடியும் வெளியேதான் நின்றிருப்பார்.

இதைவிட முக்கியம், அதற்கு முன்னால் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்று அந்தச் சட்டம் சொன்னது. பிறந்த பிள்ளைகளும் முறையான பிள்ளைகள். ஆக, ஐந்து வயதில், எனக்கே தெரியாமல், ஒரு நாள் காலையில் நான் எங்கள் அப்பாவுக்கு மகள் ஆனேன். அன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கிணற்றடியில் சொப்பு வைத்து விளையாடியிருப்பேன்.

சித்தப்பாவின் வக்கீலே அவரைக் கூப்பிட்டு, "இனிமே பேச்சுக்கு எடமில்ல, பேசி முடிச்சுக்கோ" என்று சொன்னதாகக் கேள்வி. நியாயமாகப் பார்த்தால் பாதி வீடு வர வேண்டும். அம்மா இரண்டு ரூமுக்கும் கிணற்றுப் பக்க நடைக்கும் கையெழுத்துப் போட்டார். கோர்ட்டுக்குப் போக யாரிடம் காசு இருந்தது?

இப்போது பிரான்சுக்கு வருகிறேன். 1685இல் பதினான்காம் லூயி புராட்டஸ்டண்டுகளுக்கு இருந்த உரிமைகளை ரத்து செய்தார். அங்கே பிறப்பு, திருமணம், சாவு எல்லாம் கத்தோலிக்கப் பாதிரியார் வைத்திருக்கும் பதிவேட்டில்தான். அவர் எழுதினால்தான் நீ பிறந்தாய், நீ கட்டிக்கொண்டாய். கத்தோலிக்கராக மாறாத குடும்பங்கள் காட்டிலும் மலையிலும் கூடி, தங்கள் போதகர் முன்னால் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அரசாங்கத்துக்கு அது கல்யாணமே இல்லை. பிள்ளைகள் முறை தவறிப் பிறந்தவர்கள். தகப்பன் செத்ததும் பங்காளிகள் கோர்ட்டுக்குப் போய், 'இது பெண்டாட்டியும் இல்லை, இதுகள் வாரிசும் இல்லை' என்று சொத்தைக் கேட்டார்கள். இப்படி நூறு வருஷம். 1787இல், புரட்சிக்கு இரண்டு வருஷம் முன்னால், பதினாறாம் லூயி ஒரு ஆணை போட்டார். கத்தோலிக்கர் அல்லாதவர்கள் அரசு நீதிபதி முன்னால் கல்யாணத்தைப் பதியலாம், பழைய கல்யாணங்களையும் பதிந்துகொள்ளலாம்.

இதைப் படித்த அன்றைக்கு அம்மாவிடம் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிராமலே, "அங்கயும் ஒரு கொழுந்தன் இருந்திருக்கான் பாரு" என்றார்.

அதற்கு அப்புறம் 1792 செப்டம்பர் 20. அன்று வால்மி போர்க்களத்தில் பிரெஞ்சுப் படை பிரஷ்யர்களைத் தடுத்து நிறுத்தியது, புத்தகத்தில் இருக்கும். அதே நாளில் பாரிஸில் சட்டமன்றம் தன் கடைசி வேலையாகப் பதிவேடுகள் எல்லாவற்றையும் பாதிரியார்களிடமிருந்து எடுத்து நகராட்சிகளிடம் கொடுத்தது, விவாகரத்தையும் அனுமதித்தது. இது எங்கள் புத்தகத்தில் இருந்ததில்லை. ஊரில் இருக்கிற ஒவ்வொருவரும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், ஒரே நோட்டில் ஒரே மாதிரி எழுதப்பட ஆரம்பித்தது அன்றைக்குத்தான். நாடு என்று நாம் சொல்கிறோமே, அதில் முக்கால்வாசி அந்த நோட்டுதான் என்பது என் அபிப்பிராயம். அப்படியே நேராகப் போய்விட்டது என்றும் நினைக்காதீர்கள். மன்னராட்சி திரும்பி வந்த பிறகு 1816இல் விவாகரத்து போய்விட்டது, மறுபடி வர 1884 ஆனது.

நீங்கள் மனப்பாடம் செய்கிற மற்ற பெயர்களையும் இந்த நோட்டை வைத்துப் பாருங்கள். மெக்சிகோவில் அதிபர் ஹுவாரெஸ் 1859இல் திருச்சபை ஆதரித்த பழமைவாதிகளோடு உள்நாட்டுப் போர் நடத்திக்கொண்டே திருமணப் பதிவைச் சர்க்காருக்கு மாற்றினார். பிஸ்மார்க் கத்தோலிக்கத் திருச்சபையோடு மோதிய நாட்களில் 1875இல் ஜெர்மனி முழுவதுக்கும் சிவில் திருமணம் கட்டாயம் ஆனது. துருக்கி 1924இல் கலீஃபா பதவியை ஒழித்தது, 1926இல் சுவிட்சர்லாந்து சிவில் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டது. ஆனால் கிராமத்தில் ஜனங்கள் இமாம் முன்னால்தான் கல்யாணம் செய்துகொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளைச் சட்டப்படி பிள்ளைகளாக்க அந்த நாடு பலமுறை தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. எங்களுக்கு நேர் எதிர். இங்கே சடங்கு இல்லாததால் பிள்ளைகள் வெளியே, அங்கே சடங்கு மட்டும் இருந்ததால் வெளியே. நோட்டு கைமாறாத நாடுகளும் உண்டு. இஸ்ரேலிலும் லெபனானிலும் இன்றைக்கும் உள்நாட்டில் சிவில் திருமணம் கிடையாது. வேறு மதத்தவரைக் காதலித்தவர்கள் சைப்ரஸ் தீவுக்குப் போய்ப் பதிந்துகொண்டு வருகிறார்கள்.

நம் பக்கத்து ஊர் பாண்டிச்சேரியை விட்டுவிட்டால் அங்கிருக்கிற என் நாத்தனார் கோபித்துக்கொள்வார். 1881 ஆணைப்படி அங்கே தங்கள் சாதி வழக்கச் சட்டத்தை எழுதிக் கொடுத்து விட்டுவிட்டால் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர முடிந்தது, புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படி வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்றும் பிரெஞ்சுப் பெயர் வால் இருக்கும்.

கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். "ஆரம்பிச்சுட்டாங்கப்பா பெரியார் புராணம்" என்பவர்களே, நான் சாமி கும்பிடுகிறவள். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவேன். என் கல்யாணம் 1986இல் ஐயர் வைத்து, அக்னி வளர்த்து, ஏழு அடி எடுத்து வைத்து நடந்தது. வற்புறுத்தியது யார் தெரியுமா? தாலியே கட்டாத எங்கள் அம்மா. "நான் பட்டது போதும். ஐயரும் இருக்கணும், ரிஜிஸ்டரும் பண்ணணும், போட்டோவும் எடுக்கணும்" என்று ஒற்றைக் காலில் நின்றார். எதிர்ப்பக்கத்திலிருந்து "அப்போ உங்கம்மா கொள்கையை விட்டுட்டாங்க" என்று வருபவர்களே, மூன்று வயதுப் பிள்ளையோடு ரசீது கேட்கப்பட்டு நின்று பாருங்கள், அப்புறம் கொள்கை பேசலாம். 1968 சட்டம் இந்துக்களுக்கு மட்டும்தானே என்று ஒருவர் கேட்பார். ஆமாம். இந்துத் திருமணச் சட்டத்தின் திருத்தம் அது, இரண்டு இந்துக்களுக்குத்தான்.

அந்த ஓட்டையில்தான் என் மகள் விழுந்தாள். 2019. மாப்பிள்ளை நாகர்கோவில் பக்கம், சி.எஸ்.ஐ. கிறிஸ்தவக் குடும்பம். இரண்டு பேரும் ஓ.எம்.ஆரில் ஒரே கம்பெனி. யாரும் மதம் மாற வேண்டாம் என்று சம்பந்தி வீட்டிலும் நாங்களும் பேசி முடிவு செய்தோம். அப்படியானால் 1954 சிறப்புத் திருமணச் சட்டம். முப்பது நாள் நோட்டீஸ், மூன்று சாட்சி. இதற்கு முந்தைய 1872 சட்டம் வங்காளத்துச் சீர்திருத்த இயக்கமான பிரம்ம சமாஜத்துக் கேசவ சந்திர சென் முயற்சியால் வந்தது. அதில் கல்யாணம் செய்துகொள்ள இரண்டு பேரும் 'நான் இந்து இல்லை, கிறிஸ்தவர் இல்லை, முஸ்லிம் இல்லை' என்று வரிசையாக எழுதிக் கொடுத்தால்தான் ஆகும். அந்தக் காலமாக இருந்திருந்தால் என் மகள் கல்யாணத்துக்காகச் சாமியை விட வேண்டியிருந்திருக்கும். இப்போது முப்பது நாள் பலகையில் தொங்கினால் போதும். தொங்கிய நோட்டீஸைப் பார்த்துவிட்டு எவனோ ஒரு புரோக்கர் என் கணவரின் அண்ணனுக்கு போன் போட்டு, "விஷயம் தெரியுமா சார்?" என்று கேட்டான், அது தனிக் கதை.

பதிவுக்கு அப்புறம் சாயங்காலம் ரிசப்ஷன். இதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. நாங்கள் எடுத்த மண்டபத்தில் ஐயர், மேளம், மணவறை எல்லாம் சேர்த்துத்தான் வாடகையாம். எங்களுக்கு மூன்றும் வேண்டாம், ரிசப்ஷன் மட்டும்தான், கழித்துக்கொள்ளுங்கள் என்றால் மேனேஜர், "பேக்கேஜ்மா, பிரிக்க முடியாது" என்கிறார். ஆக, வராத ஐயருக்கு நான் தட்சிணை கொடுத்தேன். வாசிக்காத நாதஸ்வரத்துக்கும் கொடுத்தேன். சமையல் அவர்கள் ஆள்தான் செய்ய வேண்டும். நானூறு பேருக்குச் சொன்னால் நானூற்று அறுபது இலை கணக்குக் காட்டுகிறார்கள். எண்ணிப் பார்க்கலாம் என்றால் எச்சில் இலை லாரியில் போய்விட்டது. அட்வான்ஸில் ஜெனரேட்டர் டீசலுக்கென்று பிடித்த காசு, அன்று கரண்டே போகவில்லை, இன்று வரை திரும்பி வரவில்லை. எங்கள் அம்மா கல்யாணம் கோலி சோடாவோடு முடிந்தது. மாற்றம் மாற்றம் என்கிறோம், இந்த மண்டபக்காரர்களை மாற்ற ஒரு லூயியும் வரவில்லை.

சரி. பதிவு அலுவலகத்துக்கு வருகிறேன். மூன்றாவது சாட்சியாக வர வேண்டிய மாப்பிள்ளையின் நண்பர் கிண்டி டிராபிக்கில் மாட்டிக்கொண்டார். அன்றைய கடைசி நேரம் அதுதான், விட்டால் திங்கட்கிழமை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்து மகள், "ஆயா, நீ போடேன் கையெழுத்து" என்றாள். அம்மாவுக்கு அப்போது 79 வயது. ஆதார் அட்டை என்னிடம்தான் இருந்தது, நீட்டினேன்.

பையனும் பெண்ணும் அதிகாரி மேசை முன்னால் நின்று ஆளுக்கு ஒரு வாக்கியம் சொன்னார்கள். இவரை என் சட்டப்படியான கணவராக ஏற்கிறேன், இவரை என் மனைவியாக ஏற்கிறேன், அவ்வளவுதான். மைக் மட்டும் இல்லை. பிறகு சாட்சிகளின் விவரத்தை எழுத வேண்டும். அங்கிருந்த குமாஸ்தாப் பெண், என் மகளைவிடச் சின்னவள், அட்டையைப் பார்த்து வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினாள். பெயர். வயது. அடுத்து, இன்னாரின் மனைவி என்று போட்டு, எங்கள் அப்பாவின் பெயர். எழுதிவிட்டுப் பதிவேட்டைத் திருப்பி, "இங்க போடுங்க பாட்டி" என்றாள்.

அம்மா பேனாவை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்திருப்பார் போல. அவள் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது என்னிடம், "அவ்ளோதானா?" என்றார்.